பதினெட்டு அங்குலம்: வீட்டுக் காவலுக்கு வந்த ஷாட்கனின் கதை

1/
அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய் "வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வேணும்"னு கேட்டால், கடைக்காரர் எடுத்து வைப்பதில் பெரும்பாலானவற்றின் குழல் நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். 18 அங்குலம், இல்லேன்னா பதினெட்டரை. வாத்து வேட்டைக்கு விற்கிற அதே மாடலில் குழல் 26, 28 அங்குலம் இருக்கும்.

2/
ஏன் 18? யாராவது படுக்கையறையை, மாடிப்படியை அளந்து பார்த்து இதுதான் சரியான நீளம்னு கண்டுபிடித்தார்களா? இல்லீங்க. 1934-ல் போட்ட ஒரு வரிச் சட்டத்திலிருந்து வந்த எண் அது. அந்தக் கதையும், அதற்குள் டாக்டர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதும்தான் இன்றைய த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வாங்க.

3/
முதலில் அடிப்படை. ரைஃபிளின் குழலுக்குள் திருகு திருகாக வரிப்பள்ளம் இருக்கும். ஒரே குண்டு, சுழன்றபடி வெகுதூரம் போகும். ஷாட்கன் குழல் உள்ளே வழவழன்னு இருக்கும். ஒரு தோட்டாவுக்குள் பல ஈய உருண்டைகள். நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கி செய்தியில் 'பால்ரஸ் குண்டு'ன்னு படிச்சிருப்பீங்களே, அந்த மாதிரி.

4/
'12 கேஜ்' என்பது குழலின் அகலம். 1 பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக உருட்டினால், அதில் ஒன்று சரியாக நுழையும் குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர். பறவை சுடும் தோட்டாவில் கடுகு, மிளகு அளவில் நூற்றுக்கணக்கான உருண்டைகள். மான் சுடும் தோட்டாவில் 8, 9 உருண்டைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்கு மேல்.

5/
இதெல்லாம் எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஃபாரன்சிக் மெடிசினில் ஷாட்கன் காயம் தவறாமல் படிக்க வேண்டிய பாடம். ரொம்பக் கிட்டத்தில் சுட்டால் உருண்டைகள் பிரிய நேரமே இல்லை. மொத்தமாக நுழைந்து ஒரே ஓட்டை போடும். உருண்டைகளுக்குப் பின்னால் வைக்கும் அடைப்பான் கூட காயத்துக்குள் கிடக்கும். தூரம் கூடக் கூடத்தான் சிதறும். இதை மனசில் வைங்க, பின்னால் தேவைப்படும்.

6/
இப்போ வரலாறு. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியானவன் வீட்டில் ஷாட்கன் என்பது மண்வெட்டி, கோடரி மாதிரி ஒரு சாமான். முயல், வாத்து, கோழி திருட வரும் நரி. மேற்குப் பகுதியில் வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் குதிரை வண்டிகளில் தங்கம், பணப்பெட்டி போகும். காவலாள் கையில் குட்டைக் குழல் இரட்டைத் துப்பாக்கி. குலுங்கும் வண்டியில் நீளக் குழலைத் திருப்ப முடியாது. அதனால் குட்டை.

7/
காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையை அமெரிக்கர்கள் 'ஷாட்கன்'னு சொல்வது அந்தக் காவலாளை வைத்துத்தான். ஆனா அந்தப் பேச்சு வழக்கு, குதிரை வண்டிகள் ஓய்ந்த பிறகு கதைகளும் சினிமாவும் பரப்பியது.

8/
அடுத்த திருப்பம் ஜான் மோசஸ் பிரவுனிங். யூட்டா மாநிலம் ஆக்டன் ஊர்க்காரர். துப்பாக்கி செய்பவரின் மகன். குழலுக்குக் கீழே இருக்கும் பிடியை முன்னும் பின்னும் இழுத்தால் பழைய தோட்டா வெளியே, புதுசு உள்ளே. இதுதான் பம்ப் ஆக்‌ஷன். அவர் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 மாடல், 1957 வரை 10 லட்சத்துக்கும் மேல் தயாரானது. சினிமாவில் கேட்கும் அந்த 'சக்-சக்' சத்தம் இந்தப் பரம்பரையுடையது.

9/
1917-ல் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. பிரான்சில் பதுங்குகுழிப் போர். திருப்பத்தில் நாலடி தள்ளி எதிரி. அங்கே நீளமான ரைஃபிள் சுமை. ராணுவம் வாத்து சுடும் 1897 மாடலை எடுத்து மாற்றியது. குழல் 20 அங்குலமாகக் குறைந்தது. சூடு கையைச் சுடாமலிருக்க மேலே துளையிட்ட உலோகத் தகடு. முனையில் கத்தி மாட்ட ஒரு கொக்கி. பெயர் 'டிரெஞ்ச் கன்'.

10/
இன்றைக்கு 'ஹோம் டிஃபென்ஸ்' என்ற பெயரில் விற்கும் ஷாட்கனின் உருவம் இங்கேதான் பிறந்தது. குட்டைக் குழல், கறுப்புத் தகடு, கூடுதல் தோட்டா. வீட்டை மனசில் வைத்து செய்த உருவம் இல்லை. பதுங்குகுழியை மனசில் வைத்து செய்தது.

11/
1918 செப்டம்பரில் ஜெர்மனி அதிகாரபூர்வமாக எதிர்ப்பு தெரிவித்தது. 'தேவையற்ற வேதனை தரும் ஆயுதங்கள்' கூடாது என்ற 1907 ஹேக் ஒப்பந்தத்தைக் காட்டி, ஷாட்கனோடோ அதன் தோட்டாவோடோ பிடிபடும் அமெரிக்கச் சிப்பாயின் உயிர் போகும் என்று எச்சரித்தது. 1915-லேயே ஈப்ரில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட நாடு சொல்லுது இதை!

12/
அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கைதியைத் தொட்டால் பதிலடி இருக்கும் என்றார். நவம்பர் 11 அன்று போர் முடிந்துவிட்டது. ஆனா ஷாட்கனுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது. ஜெர்மன்காரனே பயந்த துப்பாக்கி. விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேணும்?

13/
1920-ல் மதுவிலக்கு. கள்ளச்சாராயக் கும்பல்கள். 1929 பிப்ரவரி 14, சிகாகோவில் ஒரு கராஜுக்குள் 7 பேரை சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். தாம்சன் இயந்திரத் துப்பாக்கிகளும் ஷாட்கனும். நாடே அதிர்ந்தது. குழலை அறுத்து கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் ஷாட்கன் கொள்ளைக்காரனின் அடையாளமானது.

14/
1934 ஜூனில் ரூஸ்வெல்ட் தேசிய துப்பாக்கிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தடை இல்லை, வரி. இயந்திரத் துப்பாக்கிக்கும், 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கொண்ட ஷாட்கனுக்கும் ரைஃபிளுக்கும் பதிவு கட்டாயம். கைமாறும்போது 200 டாலர் வரி. அந்தக் காலத்தில் ஒரு சாதாரண ஷாட்கன் விலையைவிட அது பல மடங்கு. நோக்கம் வசூல் இல்லை. வாங்கவே விடாமல் செய்வது.

15/
இதில்தான் வேடிக்கை. முதலில் வந்த மசோதாவில் கைத்துப்பாக்கிகளும் இருந்தன. 'கைத்துப்பாக்கிக்கு வரி போட்டா, ஷாட்கன் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி மாதிரி வச்சுக்குவாங்களே' என்ற பயத்தில்தான் குட்டைக் குழலையும் சேர்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். குட்டைக் குழல் விதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

16/
வீட்டைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, வேலி மட்டும் நிக்குது! ஒளித்து வைக்க எளிதான கைத்துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும். பதினேழரை அங்குல ஷாட்கன் பதிவில்லாமல் இருந்தால் ஜெயில். ரைஃபிளுக்கான அளவை 1960-ல் 16 ஆகக் குறைத்தார்கள். ஷாட்கனுக்கு இன்றும் 18. விற்பனைக்கு வரும் பதினெட்டரையில் அந்த அரை, சட்டத்துக்குப் பயந்து விட்ட இடைவெளி.

17/
அந்த 200 டாலர் வரி 90 ஆண்டுக்கும் மேல் மாறவே இல்லை. 2025-ல் நிறைவேறிய சட்டத்தால், 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ஷாட்கனுக்கு அது பூஜ்யம். பதிவு மட்டும் தொடர்கிறது.

18/
நம்ம நாட்டிலும் ஒரு அளவு உண்டு. 1959 ஆயுதச் சட்டம், பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ உரிமம் கேட்கும் குடிமகனுக்கு வழவழப்பான குழல் துப்பாக்கி 20 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது. குழலை வெட்டிக் குறைக்கத் தனி உரிமம் வேணும். ஆனா நம்ம சட்டம், முதலில் 'உனக்கு எதுக்கு?'ன்னு கேட்கும். அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் 'எவ்வளவு நீளம்?'னு கேட்கும்.

19/
அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றம் போன கதை ஒரு சினிமா. 1938-ல் ஜாக் மில்லர், ஃபிராங்க் லேட்டன் என்ற இருவர் ஓக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்கு, பதிவு செய்யாத குட்டைக் குழல் ஷாட்கனோடு வந்து மாட்டினார்கள். ஆயுதம் வைத்திருக்கும் உரிமை பற்றிய 2-ம் திருத்தத்துக்கு இந்தச் சட்டம் எதிரானது என்று கீழ் நீதிமன்ற நீதிபதி தள்ளுபடி செய்தார். அரசு மேல்முறையீடு செய்தது.

20/
1939-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதம். மில்லர் தரப்பில் ஒரு வக்கீல்கூட வரவில்லை. தீர்ப்பு வருவதற்கு முன்பே, ஏப்ரலில் மில்லர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். மே 15 அன்று தீர்ப்பு: குட்டைக் குழல் ஷாட்கன் குடிமக்கள் படைக்குப் பயன்படும் என்பதற்கு எங்கள் முன் ஆதாரம் இல்லை, எனவே அதற்குப் பாதுகாப்பு கிடையாது.

21/
20 ஆண்டுக்கு முன்னால்தான் அதே நாட்டு ராணுவம் ஷாட்கன் குழலைக் குறைத்து பிரான்சுக்கு அனுப்பியிருந்தது. அது 20 அங்குலம், மில்லருடையது 18-க்கும் கீழ், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் அதை எடுத்துச் சொல்லக்கூட எதிர்த்தரப்பில் ஆள் இல்லை. ஒரு பக்கம் மட்டும் பேசிய அந்த வழக்கின் மேல்தான் அடுத்த 69 ஆண்டு இந்த உரிமை பற்றிய சட்டமே நின்றது.

22/
1950-ல் ரெமிங்டன் 870 வந்தது. மலிவு, உழைக்கும். 1 கோடிக்கு மேல் விற்றது. வேட்டைக்காரர், போலீஸ், குடும்பஸ்தர் எல்லார் கையிலும் அதே மாடல். போலீஸ் காரில் குட்டைக் குழலோடு நின்ற அதே துப்பாக்கியைப் பார்த்து, 'நம்ம வீட்டுக்கும் அப்படி ஒண்ணு' என்ற ஆசை. குழலை மாற்று, டார்ச் மாட்டு, தோட்டாக் குழாயை நீட்டு என்று உதிரிபாக வியாபாரமே தனியாக வளர்ந்தது.

23/
2013-ல் துணை அதிபராக இருந்த ஜோ பைடனே சொன்னார். ஏதாவது பிரச்சினைன்னா இரட்டைக் குழல் ஷாட்கனை எடுத்துட்டு பால்கனிக்குப் போய் ரெண்டு வெடி வெடின்னு மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கேட்ட தலைவர் அவர். அவர் வாயிலும் ஷாட்கன் 'பாதுகாப்பான' ஆயுதம்.

24/
மக்கள் நம்புவது இரண்டு. ஒன்று, குறி பார்க்கவே வேண்டாம், திருப்பிச் சுட்டா அறை முழுக்கச் சிதறும். 5-வது பதிவை ஞாபகப்படுத்துங்க. ஒரு அறையின் நீளத்துக்குள் உருண்டைகள் சிதறுவது சுமாராக விரித்த கை அளவுதான். இரண்டு, சுவரைத் தாண்டாது. அமெரிக்க வீட்டின் உள்சுவர் நம்ம செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டம், இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. மான் சுடும் உருண்டை அதைத் துளைத்துப் போகும். அடுத்த அறையில் தூங்குவது பிள்ளைகள்.

25/
எந்தக் குழல், எந்தத் தோட்டா, எந்த மாற்றம் என்று இவ்வளவு பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, வேறொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வாங்கி வைத்த துப்பாக்கி கடைசியில் யாரைச் சுடுகிறது? கேட்டது ஒரு எமர்ஜென்சி டாக்டர்.

26/
ஆர்தர் கெல்லர்மன். டொனால்ட் ரே என்பவரோடு சேர்ந்து 1986-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார். சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் 1978 முதல் 1983 வரை துப்பாக்கியால் இறந்தவர்கள் 743 பேர். அதில் 398 பேர் இறந்தது, அந்தத் துப்பாக்கியை வைத்திருந்த வீட்டுக்குள்ளேயே.

27/
அந்த 398 மரணங்களைப் பிரித்துப் பார்த்தார்கள்.
தற்காப்புக்காகச் சுட்டதில் இறந்தவர்கள்: 9
விபத்து: 12
கொலை: 41
தற்கொலை: 333
வீட்டுக்குள் நுழைய முயன்றபோது சுடப்பட்ட அந்நியர்கள் 2 பேர்தான். ஒரு தற்காப்பு மரணத்துக்கு 43 மற்ற மரணங்கள்.

28/
நியாயமாகச் சொல்லணும்னா, இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு. துப்பாக்கியைக் காட்டியதும் திருடன் ஓடிப்போன சம்பவம் பிணவறைக் கணக்கில் வராது. ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்தான் துப்பாக்கி வாங்குவார் என்ற வாதமும் உண்டு. அந்த மரணங்களில் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால், ஷாட்கனால் அல்ல. எல்லாம் சரி. ஆனா அந்த 333-ஐ எந்த விமர்சனமும் அழிக்க முடியாது. திருடனுக்காக வாங்கியதில் போனது வீட்டு ஆள்.

29/
1993-ல் கெல்லர்மன் குழு இன்னொரு ஆய்வு வெளியிட்டது. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அங்கே ஒருவர் கொலையாகும் வாய்ப்பு 2.7 மடங்கு. பணம் கொடுத்தது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி. துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள்.

30/
1996-ல் ஆர்கன்சா காங்கிரஸ் உறுப்பினர் ஜே டிக்கி பெயரில் ஒரு வரி பட்ஜெட்டில் நுழைந்தது. காயத் தடுப்புப் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது. கூடவே சிடிசி பட்ஜெட்டில் 26 லட்சம் டாலர் வெட்டு. அதற்கு முந்தைய ஆண்டு துப்பாக்கி ஆய்வுக்குச் செலவான அதே தொகை. ஆய்வுக்குத் தடைன்னு எழுதவே இல்லை. ஆனா எல்லாருக்கும் புரிந்தது. ஆய்வு நின்றது.

31/
2008-ல் ஹெல்லர் வழக்கு. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சொன்னது. துப்பாக்கியைப் பிரித்தோ பூட்டியோதான் வீட்டில் வைக்கணும் என்ற வாஷிங்டன் டிசி விதியும் போனது. குட்டைக் குழல் ஷாட்கனுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை என்று மில்லர் வழக்கைக் காட்டியது.

32/
2011-ல் ஃபுளோரிடா இன்னும் ஒரு படி போனது. ஒரு குழந்தை மருத்துவர் 'வீட்ல துப்பாக்கி இருக்கா?'ன்னு கேட்க, தாய் பதில் சொல்ல மறுக்க, வேறு டாக்டரைப் பாருங்கன்னு அவர் சொல்ல, விஷயம் சட்டசபை வரை போனது. டாக்டர் நோயாளியிடம் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாதுன்னு சட்டம்! மீறினால் அபராதம், உரிமத்துக்கே ஆபத்து. 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று ரத்து செய்தது.

33/
குழந்தை இருக்கும் வீட்டில் மண்ணெண்ணெய் எங்கே வைக்கிறீங்க, பூச்சிமருந்து எங்கே வைக்கிறீங்கன்னு நாங்கள் தினமும் கேட்கிறோம். அது எங்கள் வேலை. அந்தக் கேள்விக்கு ஒரு டாக்டர் உரிமத்தை இழக்கலாம் என்று ஒரு மாநிலம் 6 ஆண்டு ஏட்டில் வைத்திருந்தது என்பதை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

34/
2018 நவம்பரில் துப்பாக்கிச் சங்கமான என்ஆர்ஏ, டாக்டர்கள் உங்க வேலையை மட்டும் பாருங்கன்னு ட்விட்டரில் எழுதியது. பதிலுக்கு நாடெங்கும் அறுவை சிகிச்சை டாக்டர்கள், எமர்ஜென்சி டாக்டர்கள், பிரேதப் பரிசோதகர்கள் ரத்தம் படிந்த உடை, தரை, ஷூ படங்களைப் போட்டார்கள். இதுதான் எங்க வேலை என்று. அடுத்த ஆண்டு டிசம்பரில், 20 ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, துப்பாக்கி ஆய்வுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

35/
ஜே டிக்கி? 2012-லேயே மனம் மாறினார். சிடிசியில் அந்தப் பிரிவை நடத்திய மார்க் ரோசன்பெர்க்கோடு நண்பராகி, ஆய்வு நடக்கணும்னு இருவரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட்டில் எழுதினார்கள். 2017-ல் டிக்கி காலமானார். பணம் வந்ததை அவர் பார்க்கவில்லை.

36/
2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 தற்கொலை. பாதிக்கும் மேல். 1986-ல் ஒரு கவுண்டியில் பார்த்ததைத்தான் நாடு முழுக்கப் பார்க்கிறோம்.

37/
துப்பாக்கியை ஒழிக்காமலே வழி உண்டா? உண்டு. இஸ்ரேல் ராணுவத்தில் இளம் சிப்பாய்கள் வார இறுதியில் துப்பாக்கியோடு வீட்டுக்குப் போவார்கள். 2006-ல் அதை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தற்கொலை சுமார் 40% குறைந்தது. குறைந்தது வார இறுதியில்தான். வாரநாட்களில் பெரிய மாற்றம் இல்லை.

38/
அமெரிக்காவிலும் 2005-ல் வந்த ஆய்வு இதையே காட்டியது. துப்பாக்கி பூட்டி, தோட்டா எடுத்து, தோட்டாவைத் தனியே பூட்டி வைத்த வீடுகளில் பிள்ளைகளின் தற்கொலையும் விபத்தும் குறைவு. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு அலை. மேலே வரும், இறங்கும். அது இறங்கும்வரை கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைப்பார். பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை.

39/
இதே பாடத்தைத் துப்பாக்கி இல்லாத இலங்கை கிராமங்களும் கற்றுக்கொடுத்தன. அங்கே கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-ல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் 10 ஆண்டில் ஏறக்குறைய பாதியானது. மனிதர்களின் துக்கம் பாதியாகவில்லை. கைக்கு எட்டிய விஷத்தின் வீரியம் குறைந்தது.

40/
அமெரிக்காவில் 90 ஆண்டாகக் குழல் எத்தனை அங்குலம்னு அளந்தார்கள். கோர்ட், காங்கிரஸ், கடை எல்லாம். படுக்கைக்கும் அலமாரிக்கும் நடுவே எத்தனை பூட்டு என்பதை அளந்திருந்தால் எத்தனையோ பேர் இன்றைக்கு இருந்திருப்பார்கள்.

41/
நம்ம வீட்டில் ஷாட்கன் இல்லை. பூச்சிமருந்து டப்பா இருக்கு. எலி மருந்து இருக்கு. தாத்தாவின் மாத்திரை டப்பா இருக்கு. இன்னைக்கு ராத்திரி அதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டுங்க. சாவியைப் பொறுப்பான ஒருத்தர் வச்சுக்கோங்க. வீட்டில் யாராவது மனசு உடைஞ்சு இருந்தா, வெட்கப்படாம நேரடியாகக் கேளுங்க. கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது பொய்.

42/
பேச ஆள் வேணும்னா 104, அல்லது டெலி மானஸ் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் பார்ப்பது இலவசம்.

வீட்டில் பெரியவங்க இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் 41-வது பதிவையாவது போட்டுவிடுங்க.